தட்டைக் காலணி: அடியிலிருந்து மேலாகப் பார்த்து வாங்குதல்

குதி உயரம் ஓர் அங்குலத்துக்குள் அடங்கும் பெண்கள் காலணி எல்லாமே கடையில் 'ஃபிளாட்ஸ்' என்ற ஒரே பெயரில் அடுக்கப்பட்டிருக்கும். விரல்களை மூடும் கட் ஷூ (சில கடைகளில் 'பெல்லி'), வார் வைத்த சாண்டல், பின்புறம் திறந்த மியூல், லோஃபர், கோலாப்பூரி, ஜுத்தி என்று இந்தக் குடும்பம் பெரியது. அலமாரியில் இவற்றின் மேற்புறம்தான் கண்ணில் படும். பூ வேலை, பக்கிள், முத்து, நிறம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கொடுக்கும் காசுக்கான பெறுமானமோ அடிப்பாகத்திலும் உட்புறத்திலும் ஒளிந்திருக்கிறது. ஆகவே தட்டைக் காலணியைத் தலைகீழாகத் திருப்பி, அடியிலிருந்து மேலாகச் சோதித்து வருவதே சரியான வரிசை. அழகு கடைசியில் வரும். ஆனால் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

தட்டையாக இருந்தும் ஏன் வலிக்கிறது

கட் ஷூ நடன மேடையிலிருந்து இறங்கி வந்தது. 1956இல் நடிகை பிரிஜித் பார்தோ கேட்டுக்கொண்டதற்காகப் பாரிஸின் ரெப்பெட்டோ நிறுவனம் தெருவில் போடத்தக்க பாலே காலணி ஒன்றைச் செய்து தந்தது. அந்த வடிவம்தான் இன்றுவரை நகலெடுக்கப்படுகிறது. மெல்லிய அடியும் ஆழமில்லாத மேற்பாகமும் அந்தப் பரம்பரையின் மிச்சம். மரத்தளத்தில் சிறிது நேரம் ஆட அது போதும். சிமென்ட் நடைபாதையிலும் கிரானைட் தரையிலும் நாள் முழுக்க நிற்கும் கால்களுக்குப் போதாது.

இன்னொரு காரணம், குதி துளியும் உயராத காலணி. அதில் குதிகால் நரம்பு என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் தசைநாண் கூடுதலாக இழுபடுகிறது. ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயர்வு இருந்தால் பலருக்கு அந்த இழுவிசை குறையும். பார்வைக்கும் அது தட்டையாகவே தெரியும். காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துவலி எடுப்பவர்கள், காலணி மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

பாதத்தை அளந்துகொள்ளுதல்

பள்ளிக் காலத்துக்குப் பிறகு பாதத்தை அளந்து பார்த்தவர்கள் குறைவு. வயது ஏறும்போதும் பிரசவத்துக்குப் பிறகும் பாதம் நீளவோ அகலவோ செய்யும். பத்து வருடத்துக்கு முந்தைய எண்ணைச் சொல்லி வாங்குவதால்தான் பெரும்பாலான காலணிகள் கடிக்கின்றன.

1. மாலையில் அளக்க வேண்டும். நடந்தும் நின்றும் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது.
2. ஒரு வெள்ளைத் தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி அதன்மேல் நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் அளவு குறைவாக வரும்.
3. வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். தானே குனிந்து வரைந்தால் உடல் எடை இடம் மாறிவிடும்.
4. குதியிலிருந்து மிக நீளமான விரல் வரை அளந்து மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். பலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம்.
5. விரல்கள் தொடங்கும் இடத்தில் பாதம் மிக அகன்றிருக்கும். அந்த அகலத்தையும் குறிக்க வேண்டும்.
6. மற்றக் காலுக்கும் இதையே செய்து, பெரிய பாதத்தின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம்.
7. வரைந்த கோட்டின்மேல் தாளைக் கத்தரித்து, அந்தக் 'காகிதப் பாதத்தை'க் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பு: கடையில் காகிதப் பாதத்தைக் காலணிக்குள் நுழைத்துப் பார்க்கலாம். ஓரம் சுருண்டு மேலேறினால் காலணி குறுகல். முன்புறம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் காலியிடம் இருக்க வேண்டும். கூர்முனைக் காலணியில் கூரான பகுதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விரல்கள் அது தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

எண்களைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் அளவில் ஒரு எண் ஏறினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும். ஐரோப்பிய அளவில் ஒரு எண் ஏறினால் 6.67 மி.மீ. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதே இல்லை என்பதால், 4 என்பதை 37 என்று மாற்றிச் சொல்லும் அட்டவணைகள் எல்லாம் தோராயமானவை. இணையத்தில் வாங்கும்போது எண்ணை நம்பாமல், நிறுவனம் தரும் சென்டிமீட்டர் அளவைத் தன் தாளோடு ஒப்பிட வேண்டும்.

கையில் எடுத்துச் சோதித்தல்

காலில் போடுவதற்கு முன் ஐந்து சோதனைகள் உண்டு. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகாது. விற்பனையாளர் விநோதமாகப் பார்க்கலாம், பார்த்துவிட்டுப் போகட்டும்.

1. வளைத்தல். குதியையும் நுனியையும் பிடித்து வளைக்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில், அதாவது முன் மூன்றில் ஒரு பாகத்தில், காலணி மடங்க வேண்டும். நட்ட நடுவில் புத்தகம்போல மடங்கினால் உள்ளங்கால் வளைவைத் தாங்கும் பட்டை உள்ளே இல்லை என்று அர்த்தம். சுருட்டிக் கைப்பையில் வைக்கலாம் என்று பெருமையாக விற்கப்படும் காலணிகள் பலவும் இப்படித்தான். கல்யாண வீட்டில் ஹீல்ஸைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் போட்டுக்கொள்ள அவை உதவும், அவ்வளவுதான்.
2. முறுக்குதல். ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிப் பார்க்க வேண்டும். லேசாகத் திரும்பலாம். துணிபோலவே முறுகினால் வேண்டாம்.
3. குதியை அழுத்துதல். மூடிய காலணியின் பின்சுவரைக் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். கொஞ்சம் கெட்டியாக இருந்தால்தான் குதிகால் வழுக்காது. ஆனால் மேல்விளிம்பு மெத்தென்று இருக்க வேண்டும், கடிப்பது அந்த விளிம்புதான்.
4. கையை உள்ளே விடுதல். கண்ணுக்குத் தெரியாத தையல் முடிச்சு, காய்ந்த பசைக்கட்டி, பக்கிளின் ஆணி நுனி எல்லாம் விரலுக்குத் தெரியும். இன்று விரலில் உறுத்துவது நாளை காலில் கொப்புளம்.
5. மேசைமேல் வைத்தல். ஜோடியை மேசையில் வைத்துப் பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். ஒட்டுப்பசை எங்கும் வழிந்திருக்கக் கூடாது.

போட்டுப் பார்த்தல்

கடையில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலில் மட்டும் மாட்டி, கண்ணாடியில் பார்த்துவிட்டு 'சரி' என்பதுதான் வழக்கமான தவறு. இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, விரல்களைத் தூக்கி அசைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து நுனிக்காலில் நிற்க வேண்டும். அப்போது குதி கழன்று கீழே தொங்கினால் அளவு பெரிது அல்லது வாய் அகலம். கம்பளம் விரித்த இடத்தில் எந்தச் செருப்பும் சுகமாகத்தான் இருக்கும். ஆகவே ஓடு பதித்த தரைக்கு வந்து ஐந்து நிமிடமாவது நடக்க வேண்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. இறங்கும்போது பாதம் முன்னே சரிந்து விரல் இடித்தால் அந்த ஜோடி சரிப்படாது.

'போடப் போட விட்டுக்கொடுக்கும்' என்று கடையில் சொல்வார்கள். தோல் காலணி அகலத்தில் சற்று விட்டுக்கொடுக்கும். நீளத்தில் எதுவும் விட்டுக்கொடுக்காது. ரெக்சின் அகலத்திலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

வாயைச் சுற்றி எலாஸ்டிக் வைத்த கட் ஷூவுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. மேற்பாகம் ஆழமில்லாததால் காலைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதையும் அந்த எலாஸ்டிக் செய்கிறது. ஐந்து நிமிடம் கழித்துக் கழற்றினால் புறங்காலிலோ குதியிலோ சிவந்த கோடு பதிந்திருக்கக் கூடாது. எலாஸ்டிக் இல்லாமலே நிற்க, பாதத்தின் குறுக்கே ஒரு மெல்லிய வார் வைத்த வகை மேல். விரல்களைக் குவித்துச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய வேலை அதில் இல்லை.

நம் ஊரில் வேறொரு கணக்கும் பார்க்க வேண்டும். வீட்டு வாசல், கோயில், சில மருத்துவமனைகள், துணிக்கடையின் பட்டுப் பிரிவு என்று ஒரே நாளில் பல முறை காலணியைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் குனிந்து மூன்று பக்கிள் மாட்டும் சாண்டல் எத்தனை அழகானாலும் இரண்டாவது வாரம் அலமாரிக்குப் போய்விடும். கொக்கி வைத்த போலி பக்கிளோ வெல்க்ரோவோ உள்ள வகை பயன்படும்.

எதனால் ஆனது

ஏற்றுமதித் தரக் காலணிகளின் உள்ளேயோ அடியிலோ மூன்று சிறு படங்கள் அச்சிட்ட சீட்டு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் கொண்டுவந்த விதியின் விளைவு இது. மேற்பாகம், உட்புறம், அடிப்பாகம் என்ற மூன்றுக்கும் தனித்தனிக் குறி. விரித்த தோல்போன்ற வடிவம் இருந்தால் தோல். அதன் நடுவே சாய்சதுரம் இருந்தால் மேற்பூச்சு பூசிய தோல். பின்னல் கட்டம் இருந்தால் துணி. சாய்சதுரம் மட்டும் என்றால் ரெக்சின், ரப்பர் முதலான பிற பொருள்கள். மேற்பாகம் தோல் என்று குறித்திருந்தாலும் உட்புறத்துக்குச் சாய்சதுரம் இருக்கலாம். வியர்க்கும் காலுக்கு உட்புறம் தோலாகவோ துணியாகவோ இருப்பதுதான் முக்கியம்; மேற்பாகம் ரெக்சினாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம்.

சீட்டு இல்லாத இடத்தில் வெட்டிய விளிம்பைப் பார்க்க வேண்டும். தோலின் விளிம்பில் நார் நாராகத் தெரியும். ரெக்சினின் அடியில் துணி தெரியும். மோப்பம் பிடித்துப் பார்ப்பது பயனில்லை, தோல் வாசனையைத் தெளிப்பானிலேயே வாங்கலாம். தீக்குச்சியால் விளிம்பைச் சுட்டுப் பார்க்கும் பழக்கமும் ஆபத்தானது.

அடிப்பாகத்தில் ரப்பரும் டி.பி.ஆரும் நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் பிடிமானமும் தரும். ஈ.வி.ஏ. பஞ்சுபோல லேசு, ஆனால் சில மாதங்களில் அமுங்கிவிடும். பி.வி.சி. மலிவு, கனம், மழைத்தரையில் வழுக்கும். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் மிகவும் சுகமானது. அதன் எதிரி ஈரப்பதம். சென்னை, தூத்துக்குடிபோன்ற கடலோர ஊர்களில் பெட்டியிலேயே சில ஆண்டுகள் கிடந்த பி.யு. அடி, ஒரு நாள் எடுத்துப் போட்டதும் கேக் துண்டுபோல உதிர்ந்துவிடும். 'விசேஷத்துக்கு' என்று பத்திரப்படுத்திய செருப்புத்தான் பெரும்பாலும் கல்யாண மண்டப வாசலில் மானத்தை வாங்கும்.

குறிப்பு: பெட்டியின் ஒட்டுச்சீட்டில் விலையோடு தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பி.யு. அடி என்றால் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கைத் தள்ளுபடி கிடைத்தாலும் தவிர்க்க வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் வெளிநாட்டு நிறுவனங்களுக்காகத் தைத்த காலணிகளின் மிச்சச் சரக்கு விற்கப்படுவதுண்டு. நல்ல தோல் குறைந்த விலைக்குக் கிடைக்கும் வாய்ப்பு அங்கே அதிகம். ஆனால் அவை ஏன் ஒதுக்கப்பட்டன என்பதைக் கண்டுபிடிப்பது வாங்குபவர் வேலை. இரு காலின் எண்ணும் ஒன்றா, நிறம் ஒன்றா, தையல் எங்காவது தவறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கொடுக்குமுன் கேட்டுவிட வேண்டும்.

கோலாப்பூரி, 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மரப்பட்டை, காய் முதலியவற்றால் பதனிட்ட கெட்டித் தோல். முதல் சில நாள் வார் கடிக்கும், பிறகு காலோடு படிந்துவிடும். தண்ணீர் குடித்தால் தளர்ந்துபோகும் என்பதால் ஐப்பசி மழைக்கு ஆகாது. மரபான ஜுத்தியில் இடது வலது வேறுபாடே கிடையாது. போடப் போடத்தான் அது கால் பார்த்துக்கொள்ளும். தினசரி அலுவலகத்துக்கு இவ்விரண்டையும் மட்டும் நம்புவது சரியாக வராது.

அழகைத் தேர்தல்

சோதனைகளில் தேறிய ஜோடிகளுக்குள்தான் இந்தத் தேர்வு. முன்வாய் தாழ்வாக வெட்டியிருந்தால் புறங்கால் அதிகம் தெரிந்து கால் நீளமாகத் தோன்றும். கணுக்காலைச் சுற்றிய வார் காலைக் குட்டையாகக் காட்டும். அகன்ற பாதத்துக்கு வட்ட முனையும் சதுர முனையும் இடம் தரும். கூர்மை வேண்டும் என்பவர்கள் பாதாம் பருப்பு வடிவ முனையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிறத்தில் கறுப்பு எல்லோரும் வாங்குவது. மாநிறக் காலுக்குத் தேன் பழுப்பும் செம்பு நிறமும் அதைவிட நன்றாக இசையும். பளபளப்பு மங்கிய செம்பு நிறச் சாண்டல் ஒன்று பருத்திப் புடவை, ஜரிகைப் பட்டு, சுடிதார், ஜீன்ஸ் எல்லாவற்றோடும் போகும். கல்லும் முத்தும் ஒட்டிய வகையில் ஒரு கல் உதிர்ந்தாலும் முழு ஜோடியும் பழசாகிவிடும். தைத்த வேலைப்பாடு அப்படி ஏமாற்றாது.

குறிப்பு: தட்டைக் காலணியோடு கட்டப்போகும் புடவையை, அந்தக் காலணியைப் போட்டுக்கொண்டே கொசுவ வேண்டும். ஹீல்ஸ் உயரத்துக்குக் கட்டிய கொசுவம் தட்டைச் செருப்பில் மிதிபடும்; படிக்கட்டில் விழுவதற்கு அது போதும்.

விலை பெறுமா

விலையை நாளால் வகுத்துப் பார்ப்பதே எளிய வழி. 600 ரூபாய் ஜோடி நூறு நாள் உழைத்தால் நாளுக்கு 6 ரூபாய். 2,400 ரூபாய் ஜோடி, நடுவில் 300 ரூபாய்க்கு அடி மாற்றி, அறுநூறு நாள் உழைத்தால் நாளுக்கு 4 ரூபாய் 50 காசு. இந்தக் கணக்கு மெய்யாக வேண்டுமானால் காலணி பழுதுபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஓரத்தில் உண்மையான தையல் ஓடும் அடியைப் பிரித்து மாற்றலாம். வெறும் பசையில் நிற்பதும், தையல்போல அச்சு வார்த்திருப்பதும் அப்படி அல்ல. தையலா அச்சா என்பது நகத்தால் நெருடினால் தெரியும்.

வருடத்துக்கு நான்கு முறை போடும் விசேஷச் செருப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு மலிவானதே போதும். பணத்தைத் தினமும் போடுவதில் செலவிட வேண்டும். மேலும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடிக்கு 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அந்த எல்லையைச் சற்றே தாண்டும் காலணியில் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி வரிக்கே போய்விடும்.

பாதுகாப்பு

- நீரிழிவு உள்ளவர்கள்: பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் 'கடிக்கவில்லை' என்ற சோதனை செல்லாது, கடித்தாலும் தெரியாது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் போகும் வகையையும் கூர்முனையையும் தவிர்த்து, பின்வார் உள்ள, உட்புறம் தையலில்லாத காலணியை மருத்துவர் ஆலோசனையோடு வாங்க வேண்டும். எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் அடி வைத்த செருப்பு இப்போது பார்க்கத்தக்க வடிவங்களிலும் வருகிறது. போடுமுன் தினமும் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். கழற்றியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.
- வண்டி ஓட்டுபவர்கள்: மியூல், பின்வார் இல்லாத செருப்பு இரண்டும் ஸ்கூட்டரில் காலை ஊன்றும் நேரத்தில் கழன்றுவிடும். பின்புறம் பிடிக்கும் காலணியே வேண்டும்.
- ஈரத்தரை: அடியில் வரிப்பள்ளம் இல்லாத தோல், பி.வி.சி. அடிகள் நனைந்த கிரானைட்டில் வழுக்கும். பிடித்துப்போய் வாங்கிவிட்டால் செருப்பு தைப்பவரிடம் மெல்லிய ரப்பர் ஷீட் ஒட்டிக்கொள்ளலாம்.

முதல் வாரமும் அதற்குப் பிறகும்

1. வாங்கிய மறுநாள் மாலையில் வீட்டுக்குள், சுத்தமான தரையில், அரை மணி நேரம் நடக்க வேண்டும். சீட்டைக் கிழிக்கக் கூடாது. வலித்தால் மாற்றுவதற்கு இதுதான் நேரம்.
2. முதல் வாரம் நாளுக்கு ஒன்று இரண்டு மணி நேரம் மட்டும் போட்டு, பழைய ஜோடியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.
3. தோல் வாரின் விளிம்பு உரசினால் உட்பக்கம் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவலாம். ஸ்வேடுக்கும் துணிக்கும் எண்ணெய் ஆகாது, கறை நிற்கும்.
4. கொப்புளம் வந்தால் உடைக்காமல் மூடி, அது ஆறும்வரை அந்தக் காலணியை ஒதுக்க வேண்டும்.
5. ஒரே ஜோடியை இரண்டு நாள் தொடர்ந்து போடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் உள்ளிருக்கும் வியர்வை காயும். நாற்றமும் சேற்றுப்புண்ணும் இதிலேயே பாதி குறையும்.

நனைந்த காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் ஹேர் டிரையரும் பசையை இளக்கிவிடும்; வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் வைப்பதும் அதே கேட்டைச் செய்யும். ஓரம் லேசாக வாய் பிளந்த அன்றே ஒட்டக் கொடுத்தால் சின்னச் செலவு. மண் புகுந்த பிறகு பசை பிடிக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜோடியை மேசைமேல் வைத்து மீண்டும் பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும். அடி மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றலாம். குதிச்சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, உள்மெத்தையில் பெருவிரல் பள்ளம் அட்டை வரை இறங்கியிருந்தாலோ புது அடி போட்டும் பயனில்லை. அந்த ஜோடியைக் கழித்துவிட வேண்டும்.